வாசகர் கேள்வி – பதில்: மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுவது

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் இடங்களிலிருந்துதான் இம்முறை அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் பதில்களிலும் பில், பிரிண்டர், ஜிஎஸ்டி என்றே உதாரணம் எடுத்திருக்கிறோம். மருத்துவமனை, பள்ளி மென்பொருளுக்கு எழுதுகிறவர்களும் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 140 பக்கத்தில் கையேடு எழுதி, ஒரு மெனு விடாமல் விளக்கியிருக்கிறேன். ஆனாலும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சப்போர்ட்டுக்குத்தான் போன் வருகிறது. கையேட்டை ஏன் யாரும் திறப்பதில்லை? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெனு வரிசைப்படி எழுதியதுதான் காரணம். கடைக்காரர் எந்த நேரத்தில் கையேட்டைத் திறப்பார் என்று நினைத்துப் பாருங்கள். எதிரே வாடிக்கையாளர் நிற்கிறார், பில்லில் தொகை தப்பாக வந்துவிட்டது. "போட்ட பில்லை எப்படி மாத்துறது?" என்பதுதான் அப்போது அவர் மனதில் இருக்கும் ஒரே கேள்வி. உங்கள் பொருளடக்கத்திலோ மாஸ்டர், வவுச்சர், யுட்டிலிட்டிஸ் என்று இருக்கிறது. தன் கேள்விக்கான விடை வவுச்சர் மெனுவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தவருக்குக் கையேடே தேவைப்படாது.

சப்போர்ட்டில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு, ஒவ்வொரு அழைப்பிலும் அழைத்தவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், "இன்வாய்ஸ் மாற்றம் தொடர்பாக" என்று சுருக்கவும் வேண்டாம். பிறகு ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அடிக்கடி வந்த முதல் 20 கேள்விகளுக்குக் கேள்விக்கொரு பக்கம் என்று எழுதி, கையேட்டின் முன்பக்கத்திலேயே அந்தப் பட்டியலைப் போடுங்கள். மெனு வாரியான விளக்கத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது பின்னால் அகராதி மாதிரி இருக்கட்டும்.

அந்தப் பக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "போட்ட பில்லில் தொகை தவறாக இருந்தால்". இதற்கு ஒரே வழி கிடையாது, அதனால் பக்கத்தின் முதல் வரியே பயனரைப் பிரித்து அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் கவுன்ட்டரிலேயே நிற்கிறார் என்றால் பில்லை ரத்து செய்து புதிய பில் போடலாம். பில் கைமாறி, கணக்கிலும் ஏறிவிட்டது, கூடுதலாக வாங்கிவிட்டோம் என்றால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு). குறைவாக வாங்கிவிட்டோம் என்றால் டெபிட் நோட் (தொகையைக் கூட்டும் சீட்டு). ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்னணு பில்) போட்டிருந்தால், அதை அந்தத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. எந்த நிலையிலும் பில்லை "நீக்கு" என்று எழுதிவிடாதீர்கள். விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் எத்தனை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று காட்ட வேண்டும். இடையில் ஓர் எண் காணாமல் போனால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு படியில் எவ்வளவு எழுதலாம்? நான் எழுதும் படிகள் எங்கள் ஆட்களுக்குப் புரிகின்றன, கடைகளில் புரிவதில்லை. – வாசகி, ஈரோடு

பதில்: ஒரு படி என்றால் கை செய்யும் ஒரு வேலை, அதற்குப் பிறகு கண் பார்க்கும் ஒரு விளைவு. பெரும்பாலான கையேடுகளில் விளைவு இருக்காது. உங்கள் ஆட்களுக்கு அது தேவைப்படாது, ஏனென்றால் சரியாக நடந்தால் திரை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். கடையில் இருப்பவர் மூன்றாம் படியில் தவறிவிட்டு எட்டாம் படிவரை போய்விடுவார். எங்கே தவறினோம் என்று அவருக்கும் தெரியாது, போனில் கேட்கும் உங்களுக்கும் தெரியாது.

பில் பிரிண்டர் இணைப்பதைப் பார்ப்போம். வழக்கமாகக் காணும் வாக்கியம் இது: "டிரைவரை நிறுவி, பிரிண்டரை இணைத்து, அமைப்புகளில் தேர்வு செய்து, காகித அளவைச் சரிபார்த்துச் சோதனை அச்சு எடுக்கவும்." ஐந்து வேலைகள், ஒரு விளைவுகூட இல்லை. இதை இப்படி எழுதிப் பாருங்கள்:

1. பேப்பர் ரோலின் நுனியில் நகத்தால் ஒரு கோடு கீறவும். கோடு கறுப்பாகத் தெரியும் பக்கம்தான் அச்சாகும் பக்கம். அந்தப் பக்கம் அச்சுத் தலையைத் தொடும்படி ரோலை வைத்து மூடவும்.

2. பிரிண்டரை அணைக்கவும். ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்யவும். பிரிண்டர் தானாக ஒரு சீட்டு அச்சிடும். சீட்டு வெறுமையாக வந்தால் ரோல் தலைகீழாக இருக்கிறது. படி 1-க்குப் போகவும்.

3. யுஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகி, பிரிண்டரோடு வந்த டிரைவரை நிறுவவும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று போனால் பட்டியலில் பிரிண்டரின் பெயர் தெரிய வேண்டும்.

4. ரோலின் அகலத்தை ஸ்கேலால் அளக்கவும். 58 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்று பார்த்து, மென்பொருளில் அதே அளவைத் தேர்ந்தெடுக்கவும்.

5. சோதனை பில் ஒன்று அச்சிடவும். வலது ஓரத்தில் தொகை முழுதாகத் தெரிய வேண்டும்.

இரண்டாம் படியைக் கவனியுங்கள். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில் (மை இல்லாமல் வெப்பத்தால் அச்சிடுபவை) இந்தச் சோதனைச் சீட்டு கணினியே இல்லாமல் வரும். அது வந்துவிட்டால் பிரிண்டரிலும் ரோலிலும் குறையில்லை, இனி வரும் சிக்கல் கேபிளிலோ டிரைவரிலோ மென்பொருள் அமைப்பிலோதான். ஒரு படி, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. (எல்லா மாடலிலும் ஒரே பொத்தான் இருக்காது. நீங்கள் கடைகளுக்குக் கொடுக்கும் மாடலில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.)

ஐந்தாம் படி தவறினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். 80 மில்லிமீட்டர் பேப்பரில் சாதாரண எழுத்தில் ஒரு வரிக்கு 48 எழுத்து பிடிக்கும், 58 மில்லிமீட்டரில் 32 தான். பெரிய அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சிறிய ரோலைப் போட்டால் தொகைப் பத்தி வெட்டுப்படும், அல்லது மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும். தமிழில் பொருள் பெயர் அச்சிடுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பும் வேண்டும்: பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோ குப்பை எழுத்தோ வந்தால் பிரிண்டர் டெக்ஸ்ட் முறையில், அதாவது தன் எழுத்துருவையே பயன்படுத்தி அச்சிடும் முறையில், இருக்கிறது. பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது, ஆகவே பில்லைப் படமாக மாற்றி அனுப்பும் முறைக்கு மாற வேண்டும். அந்த முறையில் அச்சு சற்று மெதுவாக வரலாம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் "பிரிண்டர் ஸ்லோவா ஆயிடுச்சு" என்று அடுத்த போன் வரும்.

கேள்வி: தமிழில் எழுதும்போது "சேமி"யா, "சேவ்"வா? சப்போர்ட்டில் எல்லோரும் ஆங்கிலச் சொல்லைத்தான் பேசுகிறார்கள். – வாசகர், மதுரை

பதில்: திரையில் இருப்பதை எழுதுங்கள். பொத்தானில் ஆங்கில எழுத்தில் இருந்தால் கையேட்டிலும் அதே ஆங்கில எழுத்தில், தடித்த எழுத்தாக. திரை தமிழாக்கப்பட்டிருந்தால் அந்தத் தமிழ்ச் சொல்லை ஓர் எழுத்துகூட மாற்றாமல். திரையில் "சேமி" என்று இருக்க, கையேட்டில் "சேமிக்கவும் பொத்தான்" என்று எழுதினால் பயனர் இல்லாத பொத்தானைத் தேடுவார். பொத்தான் பெயரைத் தவிர்த்த மற்ற சொற்களுக்குக் கடையில் புழங்கும் சொல்லே நல்லது. "விலைப்பட்டியல்" என்றால் சிலருக்கு இன்வாய்ஸ், சிலருக்கு ரேட் லிஸ்ட். "பில்" என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். முதலாவது வேற்றுமை உருபு. பொத்தான் பெயரோடு "ஐ", "இல்" ஒட்டினால் பெயரே உருமாறிவிடும். "சேமியை அழுத்தவும்" என்று எழுதாமல் "சேமி என்ற பொத்தானை அழுத்தவும்" என்று எழுதினால், உருபு "பொத்தான்" மேல் ஏறிக்கொள்ளும், "சேமி" திரையில் உள்ளபடியே நிற்கும். மென்பொருள் தானாக நிரப்பும் இடங்களிலும் இதே தொல்லை உண்டு. கிளைப் பெயருக்குப் பின்னால் "இல் இருப்பு இல்லை" என்று ஒட்ட வைத்தால் "சேலம்இல் இருப்பு இல்லை" என்று வரும். "கிளை: சேலம். இருப்பு இல்லை." என்று பிரித்து எழுதச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள். கையேடு எழுதுபவர் கேட்டு வாங்க வேண்டிய திருத்தங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "முந்தைய நிதியாண்டில் பதிவு செய்து இன்னும் பணம் வராத பில்களின் நிலுவையைப் புதிய ஆண்டுக்குக் கொண்டுவருவதற்கான பொத்தானை அழுத்தவும்" என்று எழுதினால், என்ன செய்யச் சொல்கிறோம் என்பது கடைசிச் சொல்வரை தெரியாது. உடைத்துவிடுங்கள்: "நிலுவையைக் கொண்டுவா என்ற பொத்தானை அழுத்தவும். போன ஆண்டு பணம் வராத பில்கள் புதிய ஆண்டில் தெரியும்."

"அழுத்தலாம்" என்று எழுதினால் அது கட்டாயமா விருப்பமா என்ற சந்தேகம் வரும். கட்டாயம் என்றால் "அழுத்தவும்". விருப்பம் என்றால் "தேவையானால்" என்று தொடங்குங்கள். அதேபோல "நீக்கு", "ரத்து", "அழி" மூன்றையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். ரத்தான பில் கணக்கில் எண்ணோடு இருக்கும், நீக்கிய பொருள் பட்டியலிலிருந்து போய்விடும், அழித்தால் கட்டத்தில் இருக்கும் எழுத்து மட்டும் போகும். ஒரு எக்செல் தாளில் இந்த மாதிரி 50, 60 சொற்களை அவற்றின் பொருளோடு எழுதி வையுங்கள். டெவலப்பர், சப்போர்ட், நீங்கள் மூவரும் அதையே பார்க்க வேண்டும்.

இணையத்தில் போடும் கையேடாக இருந்தால் தேடலையும் நினைவில் வையுங்கள். அச்சு, அச்சிட, அச்சடிக்க, பிரிண்ட் என்று எப்படி வேண்டுமானாலும் தேடுவார்கள். தமிழ்ச் சொல்லின் முடிவு மாறினால் பல தேடல் பெட்டிகள் வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். தலைப்பில் ஒன்றும் முதல் பத்தியில் மற்றவையும் இயல்பாக வரும்படி எழுதினால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு பதிப்புக்கும் 200 ஸ்கிரீன்ஷாட் மாற்ற வேண்டியிருக்கிறது. வழி உண்டா? – வாசகி, சென்னை

பதில்: குறையுங்கள். பொத்தான் பெயர் எழுத்திலேயே இருந்து, திரையில் பளிச்சென்று தெரியும் என்றால் படம் வேண்டாம். தேடிக் கண்டுபிடிக்கக் கடினமான இடம், பல கட்டங்கள் நிரப்பும் படிவம், முடிவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டும் பில்: இவற்றுக்கு மட்டும் படம். முழுத் திரையை எடுக்காமல் தேவையான பகுதியை வெட்டி எடுத்தால், ஓரத்தில் மெனு மாறும்போதெல்லாம் படத்தை மாற்ற வேண்டிவராது.

எடுக்கும் முறையும் முக்கியம். விண்டோஸ் காட்சி அளவு 100 சதவீதம், சாளரம் எப்போதும் ஒரே அளவு, பிஎன்ஜி கோப்பு (ஜேபெக் எழுத்துகளின் ஓரத்தை மங்கலாக்கும்). கோப்புக்குப் படம்-37 என்று பெயர் வைக்காமல் திரையின் பெயரை வையுங்கள். அந்தத் திரை மாறினால் எந்தப் படங்களை மாற்ற வேண்டும் என்று தேடி எடுத்துவிடலாம். அம்புக்குறியையும் எண்ணையும் படத்துக்குள்ளேயே நிரந்தரமாக வரையாமல் தனி அடுக்கில் வைத்தால் அடியில் இருக்கும் படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

படத்தில் உண்மையான கடையின் தரவு வரவே கூடாது. ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கங்களில் நடுவில் இருக்கும் 10, உரிமையாளரின் பான் எண். ஒரு பில்லைப் படமாகப் போட்டால் அதையும் வெளியே கொடுத்துவிடுகிறோம். மறைக்கலாம் என்று மங்கலாக்கினால் சில சமயம் திரும்பப் படிக்க முடிகிறது. வேர்டில் கறுப்புக் கட்டம் வைத்தால் நகர்த்திவிடலாம். வேர்டிலேயே ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்புக்குள் இருக்கும். படச் சுருக்கத்தில் "வெட்டிய பகுதிகளை நீக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் போகும். இந்தக் கவலையே வேண்டாமென்றால் ஒரு மாதிரிக் கடை, 20 பொருள், 5 வாடிக்கையாளர் என்று சோதனைத் தரவு ஒன்றை உருவாக்கி வைத்து, எப்போதும் அதிலிருந்தே படம் எடுங்கள்.

கேள்வி: பிழைச் செய்திகளைக் கையேட்டில் சேர்க்க வேண்டுமா? டெவலப்பர் "அது வராது" என்கிறார். – வாசகர், திருச்சி

பதில்: வரும். சேருங்கள். செய்தி திரையில் எப்படி வருகிறதோ அப்படியே, எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு, தலைப்பாக வையுங்கள். பயனர் அதைத்தான் தட்டச்சு செய்து தேடுவார். கீழே மூன்று விஷயம் போதும்: ஏன் வந்தது, இப்போது என்ன செய்வது, பதிவு செய்த தரவு பத்திரமாக இருக்கிறதா. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பயந்து போயிருக்கும் கடைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

"பில் எண் ஏற்கெனவே உள்ளது" என்ற செய்தியைப் பாருங்கள். இது ஏப்ரல் 1 அன்று அதிகம் வரும், எண் மறுபடி 1-இலிருந்து தொடங்குவதால். இரண்டு கவுன்ட்டரில் இரண்டு கணினி ஒரே வரிசையைப் பயன்படுத்தினாலும் வரும். தீர்வு, எண்ணின் முன்னால் நிதியாண்டும் கவுன்ட்டர் எண்ணும் சேர்ப்பது. ஆனால் ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, இலக்கம் தவிர சிறு கோடும் சாய்கோடும் மட்டுமே அனுமதி. 1/2025-26/000123 என்பது எண்ணிப் பார்த்தால் சரியாக 16. கவுன்ட்டருக்கு இரண்டு இலக்கம் வைத்தால் 17 ஆகிவிடும். இந்த உதாரணத்தைக் கையேட்டில் அப்படியே போட்டுவிட்டால் கடைக்காரர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: கையேட்டைச் சோதிக்கத் தனி ஆளோ பணமோ கிடையாது. – வாசகர், நாகர்கோவில்

பதில்: அலுவலகத்தில் அந்த மென்பொருளைத் தொடாத ஒருவர் போதும். கணக்குப் பிரிவிலோ வரவேற்பிலோ இருப்பவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். மூன்று வேலை கொடுங்கள்: புதிய பொருள் சேர், பில் போடு, அதை ரத்து செய். பின்னால் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டால் "கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?" என்று மட்டும் சொல்லுங்கள். சுட்டி நின்ற இடம், ஒரே வரியை இரண்டு முறை படித்த இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் திருத்தம் வேண்டும். மூன்று, நான்கு பேரை உட்காரவைத்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

கணினியும் புதிதாக இருக்க வேண்டும். எழுதுபவரின் கணினியில் அட்மின் அனுமதி, தேவையான துணை மென்பொருள், தமிழ் எழுத்துரு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். கடைக் கணினியில் இருக்காது. புதிய விண்டோஸ் போட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடும் மென்பொருள்), சாதாரணப் பயனராக நுழைந்து முதல் படியிலிருந்து செய்து பாருங்கள். தேதி அமைப்பையும் பாருங்கள்: 03/04/2026 என்பது இந்திய அமைப்பில் ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. நிதியாண்டே மாறிப்போகும்.

கேள்வி: டெவலப்பர்கள் திரையை மாற்றிவிட்டுச் சொல்வதே இல்லை. – வாசகி, பெங்களூரு

பதில்: நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் இடம்) கையேட்டையும் மார்க்டவுன் கோப்புகளாக (எளிய குறிகளோடு எழுதும் எழுத்துக் கோப்புகள்) வையுங்கள். திரையை மாற்றும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை நிரலோடு இணைக்கக் கேட்கும் கோரிக்கை) எதுவானாலும், கையேடு மாற்றம் அதிலேயே இருக்க வேண்டும், அல்லது "கையேடு மாற்றம் தேவையில்லை" என்று ஒரு வரி இருக்க வேண்டும். இது இல்லாமல் இணைக்கக் கூடாது என்று குழுத் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்தக் கருவியும் உதவாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தப் பதிப்புக்கு எழுதியது, கடைசியாகச் செய்து பார்த்த தேதி என்ன என்று போடுங்கள்.

கேள்வி: கையேட்டுக்குப் பதில் வீடியோ போதாதா? – வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் நாள் அறிமுகத்துக்கு வீடியோ நல்லது. கூட்ட நேரத்தில் எட்டு நிமிட வீடியோவில் தனக்கு வேண்டிய இருபது நொடியை யாரும் தேட மாட்டார்கள். பொத்தான் இடம் மாறினால் முழுதும் மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி: ஏஐ-யிடம் கையேடு எழுதச் சொன்னேன். பார்க்க அழகாக இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் மென்பொருளை அது பார்த்ததில்லை. மற்ற மென்பொருள்களில் வழக்கமாக இருக்கும் மெனுவை உங்களுடையதிலும் இருப்பதாக எழுதிவிடும், அதுவும் தயக்கமே இல்லாத நடையில். நீங்கள் செய்து பார்த்து எழுதிய படிகளைக் கொடுத்து, வாக்கியத்தைச் சுருக்கவோ சொற்பட்டியலோடு ஒப்பிடவோ சொல்லலாம். திரும்பி வந்ததை விர்ச்சுவல் மெஷினில் படிபடியாகச் செய்து பாருங்கள். எண்களை மட்டும் தனியாக இன்னொரு முறை சரிபாருங்கள்: காகித அகலம், எழுத்து வரம்பு, மணிநேர அவகாசம். அங்கே ஓர் இலக்கம் மாறினாலும் நஷ்டப்படுவது கவுன்ட்டரில் நிற்பவர்.